"காலதாமதம்" என்று ஓய்வூதியத்தை மறுத்துவிட்டார்களா? ரிட் மனு போடப் போகிறவர்களுக்கு

என் பெரியப்பா ஓர் அரசு அலுவலகத்தில் இரவுக் காவலராக இருந்தார், பணியில் இருக்கும்போதே இறந்துபோனார். பெரியம்மாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். குடும்ப ஓய்வூதியம் என்று ஒன்று உண்டு என்பதே அவருக்குப் பதினோரு வருடம் கழித்து, நூறு நாள் வேலைக்குப் போன இடத்தில் பக்கத்தில் மண் வெட்டிக்கொண்டிருந்தவர் சொல்லித்தான் தெரிந்தது. மனு கொடுத்தோம், எட்டு மாதம் கழித்து இரண்டு வரியில் பதில் வந்தது: "மனுதாரர் மிகுந்த காலதாமதத்துடன் விண்ணப்பித்துள்ளதால் கோரிக்கை ஏற்க இயலாத நிலையில் உள்ளது என்ற விவரம் தெரிவிக்கப்படுகிறது."

அந்த இரண்டு வரியை எதிர்த்து உயர் நீதிமன்றம் போய் வந்ததில் கற்றதைத்தான் எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை, வக்கீலுக்குப் பதிலாக இதைப் படிக்கவும் வேண்டாம். வக்கீலிடம் போய் உட்காரும்போது அவர் என்ன கேட்கிறார், ஏன் கேட்கிறார் என்று புரிய வேண்டும், அவ்வளவுதான். தமிழ்நாடு அரசு ஊழியர்களையும் அவர்கள் குடும்பத்தையும் மனதில் வைத்து எழுதியிருக்கிறேன்.

முதலில் உங்கள் தாமதம் எந்த ரகம் என்று பாருங்கள்

எல்லாரும் இதைத் தாண்டிப்போய் நேராக "வக்கீல் ஃபீஸ் எவ்வளவு" என்கிறார்கள். ஆனால் வழக்கு நிற்குமா விழுமா என்பது இங்கேதான் பாதி முடிவாகிறது.

தாமதத்தில் இரண்டு ரகம் உண்டு. மாதாமாதம் வர வேண்டிய பணம் வராமல் இருப்பது ஒன்று. ஓய்வூதியமே தரவில்லை, குறைத்துக் கணக்கிட்டுவிட்டார்கள், குடும்ப ஓய்வூதியம் தொடங்கவே இல்லை என்பதெல்லாம் இதில் வரும். ஒவ்வொரு மாதமும் தவறு புதிதாக நடக்கிறது, ஆகவே வழக்குக் காரணமும் மாதாமாதம் புதிதாகப் பிறக்கிறது. இதைத் 'தொடரும் தவறு' என்பார்கள். இன்னொன்று, என்றோ ஒரு நாள் நடந்து முடிந்துபோன காரியம்: பணிநீக்கம், ராஜினாமா, பதவி உயர்வு மறுப்பு, 'எனக்கு ஓய்வூதியம் வேண்டாம், வருங்கால வைப்பு நிதியே போதும்' என்று எழுதிக் கொடுத்தது. இதன் விளைவு இன்றைக்கும் வலிக்கலாம், ஆனால் காரியம் அன்றே முடிந்தது.

முதல் ரகத்துக்கு எல்லா வக்கீலும் எடுத்துக் காட்டுவது 2008-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன தார்செம் சிங் தீர்ப்பு. ராணுவத்திலிருந்து 1983-ல் உடல்நிலை காரணமாக அனுப்பப்பட்டவர் 1999-ல்தான் ஊனமுற்றோர் ஓய்வூதியம் கேட்டு வழக்குப் போட்டார். பதினாறு வருடத் தாமதம். ஓய்வூதியம் உண்டு என்றது நீதிமன்றம், ஆனால் நிலுவைத் தொகையை மனு தாக்கல் செய்த தேதிக்கு முந்தைய மூன்று வருடத்துக்கு மட்டும் என்று நிறுத்திவிட்டது.

இந்த மூன்று வருடக் கணக்கை நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள். மூன்று வருடம் என்பது நீங்கள் முதன்முதலில் அலுவலகத்தில் மனு கொடுத்த தேதியிலிருந்து எண்ணப்படுவதில்லை, நீதிமன்றத்தில் ரிட் மனு (அரசின் ஆணையை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் நேராகப் போடும் மனு) தாக்கலாகும் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணப்படுவது. மாதம் 9,000 ரூபாய் வர வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மறுப்பாணை வந்த பிறகு 'தை பிறக்கட்டும், பெண்ணுக்குக் கல்யாணம் முடியட்டும்' என்று ஒரு வருடம் தள்ளிப்போட்டால், பின்பக்கத்திலிருந்து 1,08,000 ரூபாய் கழன்று விழுந்துவிடும், எந்த அதிகாரியும் அதை உங்களிடமிருந்து பிடுங்கவில்லை, நீங்களே விட்டது. நாங்கள் ஏழு மாதம் விட்டோம்.

மூன்று வருடத்துக்கு மேல் கிடைத்ததே இல்லையா என்றால், கிடைத்திருக்கிறது. ரயில்வேயில் கேங்மேனாக, அதாவது தண்டவாளப் பராமரிப்புத் தொழிலாளியாக இருந்தவர் 1969-ல் இறக்க, எழுதப் படிக்கத் தெரியாத அவர் மனைவி இருபது வருடத்துக்கு மேல் கழித்துக் குடும்ப ஓய்வூதியம் கேட்ட மஸ்தான் பீ வழக்கு. 2002-ல் தீர்ப்பு சொன்ன உச்ச நீதிமன்றம், கணவர் இறந்த நாளிலிருந்தே கொடுக்கச் சொன்னது. விதவை வந்து கேட்கும்வரை காத்திருக்காமல், கணக்குப் போட்டுக் கொடுக்க வேண்டியது நிர்வாகத்தின் கடமை என்பதுதான் காரணம். உங்கள் வழக்கு இதற்கு நெருக்கமானது என்றால் வக்கீலிடம் பெயர் சொல்லிக் கேளுங்கள், தவறாக நினைக்க மாட்டார்.

இரண்டாவது ரகத்தில் நிலைமை கடுமை. சி.ஜேக்கப் வழக்கு நம்ம ஊர் வழக்குதான், தமிழ்நாடு புவியியல் மற்றும் சுரங்கத் துறை சம்பந்தப்பட்டது. 1982-ல் பணி முடிக்கப்பட்டவர் 2000-ல் மனு கொடுத்து, ஓய்வூதியம் வரை கேட்டு, 2008-ல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். அதேபோல எம்.கே.சர்க்கார் வழக்கு: ரயில்வேயிலிருந்து 1976-ல் வைப்பு நிதிப் பலன்களோடு வெளியேறியவர், இருபது வருடத்துக்கு மேல் கழித்து 'எனக்கு ஓய்வூதியத் திட்டத்துக்கு மாறும் வாய்ப்பே தெரிவிக்கப்படவில்லை' என்று வந்தார். அவரும் தோற்றார்.

நடுவில் ஒரு ரகம் இருக்கிறது. மாதாமாதம் பாதிக்கிற விஷயம்தான், ஆனால் அதைச் சரிசெய்தால் மற்றவர்களின் முதுநிலையோ பதவி உயர்வோ குலையும் என்றால், தொடரும் தவறு என்ற வாதம் எடுபடாது. '1994-ல் எனக்குப் பதவி உயர்வு கொடுத்திருந்தால் இன்றைக்கு ஓய்வூதியம் கூடியிருக்கும்' என்று வருகிறவர்கள் இதில் மாட்டிக்கொள்கிறார்கள்.

சிலருக்குத் தாமதம் ஒரு பிரச்சினையே இல்லை, விதிதான் பிரச்சினை. தமிழ்நாடு ஓய்வூதிய விதிகள் 1978-ன்படி ஓய்வூதியத்துக்குக் குறைந்தது பத்து வருடத் தகுதிப் பணிக்காலம் வேண்டும். 1.4.2003 முதல் பணியில் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியமே கிடையாது, பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம் வந்துவிட்டது. அந்தத் தேதிக்குப் பிறகு நிரந்தரமாக்கப்பட்டவர்கள், முன்பு தினக்கூலியாகவோ தொகுப்பூதியத்திலோ இருந்த காலத்தைச் சேர்த்துப் பழைய ஓய்வூதியம் கேட்பதைச் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2019-ல் ஏற்கவில்லை. மறுப்பாணையில் 'காலதாமதம்' என்று எழுதியிருந்தாலும், அதை உடைத்த பிறகு பின்னால் இந்தச் சுவர் நிற்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

மறுப்பாணையைப் படிக்கும் விதம்

உறையைத் தூக்கிப் போடாதீர்கள். ஆணையில் ஒரு தேதி இருக்கும், தபால் முத்திரையில் இன்னொரு தேதி இருக்கும், இரண்டுக்கும் நடுவே இரண்டு மாதம் இருப்பதெல்லாம் சாதாரணம்.

அப்புறம், தாளில் இந்த விஷயங்களைத் தேடுங்கள். கையெழுத்துப் போட்டவர் யார், அவருக்கு இதை மறுக்கும் அதிகாரம் உண்டா, அல்லது மேலிடத்துக்கு அனுப்ப வேண்டியதைத் தானே முடித்துவிட்டாரா? எந்த விதியைச் சொல்லி மறுத்திருக்கிறார், அல்லது எந்த விதியும் சொல்லவே இல்லையா? தாமதம் ஒன்று மட்டும்தான் காரணமா, அல்லது பணிக்காலம் போதாது, பதிவேடு இல்லை என்று வேறு காரணமும் இருக்கிறதா?

கடைசிக் கேள்வி ரொம்ப முக்கியம். ஓர் ஆணை செல்லுமா செல்லாதா என்பதை அந்த ஆணையில் எழுதியிருக்கும் காரணத்தை வைத்துத்தான் பார்க்க வேண்டும், பிற்பாடு நீதிமன்றத்தில் பிரமாணப் பத்திரம் போட்டுப் புதுக் காரணத்தைச் சேர்த்துக்கொள்ள முடியாது என்று 1977-லேயே மொகிந்தர் சிங் கில் வழக்கில் அரசியல் சாசன அமர்வு சொல்லியிருக்கிறது. 'காலதாமதம்' என்று இரண்டு வரியில் எழுதிவிட்டு, வழக்கு வந்ததும் பதிலுரையில் பத்துக் காரணம் அடுக்குவது வழக்கமாக நடப்பதுதான். அங்கே இந்தத் தீர்ப்பு கைகொடுக்கும். முழுக் கவசம் என்று நம்பிவிடாதீர்கள், விதிப்படி உரிமையே இல்லாதவருக்கு இதை வைத்து ஓய்வூதியம் வராது.

'பரிசீலிக்க உத்தரவு' என்ற சர்க்கரைப் பொங்கல்

பதிலே வராமல் மனு தூங்குகிறது என்றால், 'என் மனுவைப் பரிசீலித்து முடிவெடுக்க உத்தரவிட வேண்டும்' என்று ஒரு சின்ன ரிட் போடுவார்கள். முதல் நாளே முடிந்துவிடும், 'தகுதி அடிப்படையில் எட்டு வாரத்துக்குள் பரிசீலிக்கவும்' என்று உத்தரவு வரும், எல்லாருக்கும் சந்தோஷம், ஊருக்கு வந்து ஜெயித்துவிட்டோம் என்பார்கள். நீதிமன்றம் உங்களுக்கு ஓய்வூதியம் உண்டு என்று எதையும் சொல்லவில்லை, பதில் போடு என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறது. எட்டாவது வாரம் ஒரு மறுப்பாணை வரும், அப்போது இரண்டாவது வழக்கு.

மேலே சொன்ன ஜேக்கப், சர்க்கார் இரண்டு வழக்குமே இப்படித்தான் தொடங்கின. பழசாகிப்போன கோரிக்கையை 'பரிசீலி' என்று ஒரு தீர்ப்பாயம் சொல்லிவிட்டதாலோ, அதன்பேரில் புதிதாக ஒரு மறுப்பாணை வந்துவிட்டதாலோ, செத்த கோரிக்கைக்கு உயிர் வராது, தாமதத்தை மூலக் காரணம் நடந்த நாளிலிருந்துதான் எண்ண வேண்டும் என்று அவற்றில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொன்னது. ஆகவே பத்து மனு, இருபது நினைவூட்டல், முதலமைச்சரின் தனிப்பிரிவு ரசீது என்று கட்டுக்கட்டாக வைத்திருப்பவர்கள், அந்தக் கட்டு காலத்தை நிறுத்தி வைத்திருக்கிறது என்று நினைக்க வேண்டாம். ஏற்கெனவே கையில் மறுப்பாணை இருக்கும்போது இன்னொரு மனு கொடுத்து இன்னொரு பரிசீலனை உத்தரவு வாங்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால், என் கருத்தில் அது வீண் வேலை. மறுப்பாணையை நேரடியாக எதிர்த்துப் போங்கள்.

காகிதம் சேர்ப்பது

இதற்குத்தான் எங்களுக்கு அதிக நேரம் போனது. பணி நியமன ஆணை, பணிப்பதிவேடு, பணி வரன்முறை செய்யப்பட்ட (அதாவது பணியை முறைப்படுத்திய) ஆணை, கடைசியாகச் சம்பளம் வாங்கிய சான்று, இறந்திருந்தால் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும், நீங்கள் கொடுத்த முதல் மனுவின் நகல், அது போய்ச் சேர்ந்ததற்கு அத்தாட்சி.

பணிப்பதிவேடு உங்களிடம் இருக்காது, அலுவலகத்தில்தான் இருக்கும். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ன் கீழ், பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு மனு போடுங்கள். பணிப்பதிவேட்டின் எல்லாப் பக்கங்களின் நகலும், உங்கள் கோரிக்கை மனு மீது அலுவலகத்தில் எழுதப்பட்ட குறிப்புக் கோப்பின் நகலும் வேண்டும் என்று கேளுங்கள். இரண்டாவது முக்கியம், ஏனென்றால் சில சமயம் கீழே இருக்கும் உதவியாளர் 'இவருக்குத் தகுதி உள்ளது, கருத்துரு அனுப்பலாம்' என்று எழுதி வைத்திருப்பார், மேலே வெட்டியிருப்பார்கள். 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் முதல் மேல்முறையீடு.

'பதிவேடு கிடைக்கவில்லை' என்று பதில் வந்தால் இடிந்துபோக வேண்டாம். அதுவும் எழுத்தில் வந்த ஓர் ஆவணம்தான். பதிவேட்டைப் பாதுகாப்பது அலுவலகத்தின் வேலை. ஆனால் இருபது முப்பது வருடம் கழித்து வந்து பதிவேடு எங்கே என்று கேட்டால், நீதிமன்றம் அலுவலகத்தின் பக்கமும் சாயும், ஜேக்கப் வழக்கில் அதுதான் நடந்தது. ஆகவே வேறு வழியில் பணிக்காலத்தைக் காட்டப் பாருங்கள்: பழைய சம்பளச் சீட்டு, சேமநல நிதிக் கணக்குத் தாள், இடமாறுதல் ஆணை. பெரியப்பா கூட்டுறவு நாணயச் சங்கத்தில் கடன் வாங்கிய பாஸ்புக் ஒன்று டிரங்குப் பெட்டியில் கிடந்தது, மாதாமாதம் சம்பளத்தில் பிடித்த தொகை அதில் வரிசையாக இருந்தது. அவர் வாங்கிய கடன் செத்த பிறகு உதவும் என்று யார் கண்டது.

எந்த நீதிமன்றம்

மாநில அரசு ஊழியர் என்றால் அரசியல் சாசனம் பிரிவு 226-ன் கீழ் நேராகச் சென்னை உயர் நீதிமன்றம். மதுரை, திருச்சி, தஞ்சாவூர், திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி போன்ற மாவட்டங்கள் என்றால் 2004 முதல் மதுரைக் கிளை. மத்திய அரசு, ரயில்வே, தபால் துறை என்றால் முதலில் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம்தான் போக வேண்டும், சந்திரகுமார் வழக்கில் 1997-ல் சொன்னது அது. அங்கே மறுப்பாணை வந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும் என்று சட்டத்திலேயே கெடு இருக்கிறது, தவறினால் தாமத மன்னிப்பு மனு தனியாகப் போட வேண்டும். முன்னாள் ராணுவத்தினருக்கு ஆயுதப்படைத் தீர்ப்பாயம், அங்கே கெடு ஆறு மாதம்.

உயர் நீதிமன்ற ரிட்டுக்கு இப்படி எழுதிவைத்த கெடு கிடையாது. அதற்காக எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்றும் இல்லை. காரணமில்லாத தாமதத்தோடு வருகிறவரை நீதிமன்றம் திருப்பி அனுப்பலாம்.

வக்கீலும் பிரமாணப் பத்திரமும்

பணி வழக்குகள் நடத்துகிற வக்கீலாகப் பாருங்கள். சொத்து வழக்கு நடத்தும் சொந்தக்காரர் சும்மா நடத்தித் தருகிறேன் என்றாலும் யோசியுங்கள். பணம் இல்லை என்றால், 1987-ம் வருடத்துச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. உயர் நீதிமன்றத்திலேயே சட்டப் பணிகள் குழு இருக்கிறது. குடும்ப ஓய்வூதியம் கேட்டு வருவதில் பெரும்பாலும் விதவைகள்தான், ஆனால் இது அவர்களுக்குத் தெரிவதில்லை.

நீங்கள் கேட்க வேண்டியது இரண்டு பகுதி: மறுப்பாணையை ரத்து செய்ய வேண்டும், ஓய்வூதியத்தை இன்ன தேதியிலிருந்து நிலுவையோடும் வட்டியோடும் வழங்க உத்தரவிட வேண்டும். இரண்டையும் சேர்த்துச் 'சர்ஷியோரரிஃபைடு மாண்டமஸ்' என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் சொல்வார்கள், பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். ரத்து மட்டும் கேட்டுவிட்டு விட்டால், ஆணை போகும், பணம் வராது. எதிர்மனுதாரர்களில் துறைச் செயலர், இயக்குநர், ஆணை போட்ட அதிகாரி இவர்களோடு மாநிலக் கணக்காயரும் இருக்க வேண்டும், ஏனென்றால் கடைசியில் ஓய்வூதியம் வழங்கும் ஆணை, அதாவது பிபிஓ, அங்கிருந்துதான் வர வேண்டும்.

பிரமாணப் பத்திரத்தில் தாமதத்தை விளக்கும் பத்தியை மட்டும் நீங்களே உட்கார்ந்து சொல்லுங்கள். வக்கீலின் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருக்கும் 'மனுதாரர் வறுமையாலும் அறியாமையாலும்' என்ற பொதுப் பத்தி போதாது. எந்த வருடம் என்ன நடந்தது, யாரிடம் போய்க் கேட்டீர்கள், என்ன சொல்லி அனுப்பினார்கள், எப்போது உண்மை தெரிந்தது என்று தேதி தேதியாக இருக்கட்டும். முன்பு ஒரு வழக்குப் போட்டுத் தோற்றிருந்தால், அல்லது ஏதாவது தொகை வாங்கியிருந்தால், அதையும் மறைக்காமல் எழுதச் சொல்லுங்கள். எதிர்த்தரப்பு எடுத்துக் காட்டும் நாளில் மற்ற எல்லாமும் பொய்யாகத் தெரியும். பத்திரம் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். வரிக்கு வரி தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

தாக்கல் செய்தவுடன் எஸ்.ஆர். எண் ஒன்று கிடைக்கும். அலுவலகத்தில் எஸ்.ஆர். என்றால் பணிப்பதிவேடு, நீதிமன்றத்தில் எஸ்.ஆர். என்றால் தாக்கல் எண், முதல் வாரம் முழுக்க நானும் வக்கீல் குமாஸ்தாவும் வேறு வேறு விஷயம் பேசிக்கொண்டிருந்தோம். குறை இருந்தால் பதிவகம் கட்டைத் திருப்பும், சரிசெய்து மறுபடி கொடுத்தால்தான் ரிட் மனு எண் விழும். எண் விழுந்ததா என்று விடாமல் கேளுங்கள்.

நீதிமன்றத்தில் நடப்பது, நடக்காதது

சாட்சிக் கூண்டு கிடையாது, உங்களை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். எல்லாம் காகிதத்தில்தான். முதல் நாளில் அரசு வழக்கறிஞர் நோட்டீஸ் பெற்றுக்கொண்டு பதிலுரைக்கு அவகாசம் கேட்பார், அப்புறம் மறுபடி கேட்பார். பதிலுரை வந்ததும் நகல் வாங்கிப் படித்து, அதில் தவறாக இருக்கும் தேதிகளைக் குறித்து வக்கீலிடம் கொடுங்கள். அந்தத் தேதிகள் அவரைவிட உங்களுக்குத்தான் தெரியும்.

நீதிபதி இங்கே மேல்முறையீட்டு அதிகாரி மாதிரி உட்கார்ந்து 'நானாக இருந்தால் கொடுத்திருப்பேன்' என்று பார்ப்பதில்லை. முடிவெடுத்த விதத்தைப் பார்க்கிறார்: அதிகாரம் இருந்ததா, விதியைச் சரியாகப் படித்தார்களா, காரணம் சொன்னார்களா, உங்களைப் போன்ற இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டு உங்களுக்கு மறுத்தார்களா. கடைசி விஷயத்துக்கு ஆதாரம் இருந்தால், அதாவது அதே அலுவலகத்தில் அதே நிலையில் இருந்தவருக்கு ஓய்வூதியம் வழங்கிய ஆணையின் நகல் கிடைத்தால், மனுவோடு சேருங்கள்.

தீர்ப்பு பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக வரும். பணிக்காலத்தில் தகராறே இல்லை, தாமதம் மட்டும்தான் காரணம் என்றால் நேரடியாக வழங்கச் சொல்லலாம். சரிபார்க்க வேண்டியது பாக்கி இருந்தால் ஆணையை ரத்து செய்து, தாமதத்தைக் காரணம் காட்டாமல் இத்தனை வாரத்துக்குள் புதிதாக முடிவெடு என்று திருப்பி அனுப்பும். எங்களுக்கு இரண்டாவதுதான் வந்தது. நிலுவை, மனு தாக்கலான நாளுக்கு முந்தைய மூன்று வருடம்தான் என்றும் அதிலேயே எழுதியிருந்தது.

உத்தரவு வந்த பிறகு

சான்றிட்ட நகல் வாங்கி, ஒரு முகப்புக் கடிதத்தோடு எல்லா எதிர்மனுதாரர்களுக்கும் ஒப்புகையோடு தபாலில் அனுப்புங்கள். கெடு பெரும்பாலும் 'உத்தரவு நகல் கிடைத்த நாளிலிருந்து' என்றுதான் இருக்கும், நீங்கள் அனுப்பாவிட்டால் கெடு தொடங்கவே தொடங்காது.

அரசுத் தரப்புக்கு ரிட் மேல்முறையீடு செய்ய 30 நாள். பல சமயம் அதைத் தாண்டித்தான் வருவார்கள், தாமதத்தை மன்னிக்கச் சொல்லும் மனுவோடு. ஆமாம், காலதாமதம் என்று உங்களுக்கு மறுத்த அதே தரப்புதான்.

மேல்முறையீடும் இல்லை, பணமும் இல்லை, கெடு முடிந்துவிட்டது என்றால் நீதிமன்ற அவமதிப்பு மனு. அதற்கு ஒரு வருடக் கெடு இருக்கிறது, உத்தரவு நிறைவேறாமல் போன நாளிலிருந்து எண்ணுவார்கள். 'வந்துவிடும், கருத்துரு சென்னைக்குப் போயிருக்கிறது' என்று அலுவலகத்தில் சொல்வதைக் கேட்டுக்கொண்டே அந்த ஒரு வருடத்தைக் கடத்திவிட்டவர்களை எனக்குத் தெரியும். பதினோராவது மாதம் வரை பொறுக்காதீர்கள், வக்கீல் நோட்டீஸ் ஒன்று முன்னாடியே போகட்டும்.

வழக்கு நடக்கும்போதே மனுதாரர் இறந்துபோனால் வழக்கு அதோடு முடிந்தது என்று சில குடும்பங்கள் கட்டைத் தூக்கிப் பரணில் போட்டுவிடுகின்றன. அப்படி இல்லை. அவர் உயிரோடு இருந்த நாள் வரைக்குமான நிலுவை வாரிசுகளுக்குச் சேர வேண்டியது, மனைவி இருந்தால் குடும்ப ஓய்வூதியமும் அதைத் தொடர்ந்து வரும். இறப்புச் சான்றும் தாசில்தார் தரும் வாரிசுச் சான்றும் வாங்கிக்கொண்டு, வாரிசுகளை மனுதாரர்களாகச் சேர்க்கும் மனுவை உடனே போடச் சொல்லுங்கள்.